வாலைப் பார்த்து வயது சொல்வது: ஜெர்மன் ஊர்ப் பெயர்களின் கடைச்சொற்கள்

தென்மேற்கு ஜெர்மனியில் ஷ்டுட்கார்ட்டிலிருந்து ட்யூபிங்கனுக்கு ரயில் ஏறினால் வழியில் வரும் ஊர்கள் இவை: எஸ்லிங்கன், ப்ளோகிங்கன், வெண்ட்லிங்கன், நியூர்டிங்கன், மெட்சிங்கன், ராய்ட்லிங்கன். கடைசியில் ட்யூபிங்கன். ஒரே வாலை ஏழு ஊருக்கும் ஒட்டிவிட்ட மாதிரி இருக்கும். அதே ஆள் பெர்லினில் இறங்கினால் ‘-இங்கன்’ மருந்துக்கும் கிடைக்காது. அங்கே பாங்கோ, ட்ரெப்டோ, ரூடோ, புக்கோ. ஹாம்பர்க் போனால் ஐம்ஸ்ப்யூட்டல். விமான நிலையம் இருக்கும் பகுதி ஃபூல்ஸ்ப்யூட்டல்.

யார், எந்தக் காலத்தில், எந்த மொழி பேசிக்கொண்டு வந்து அங்கே குடியேறினார்கள் என்பதைப் பொறுத்து இந்த வால் மாறுகிறது. அதைப் படிக்கத் தெரிந்தால் வரைபடமே பாதி வரலாற்றைச் சொல்லிவிடும். ஆனால் இன்றைய எழுத்தை மட்டும் நம்பிப் படித்தால் ஏமாற்றியும் விடும். இரண்டையும் பார்ப்போம்.

முதலில் பெயரின் அமைப்பு. பெரும்பாலான ஜெர்மன் ஊர்ப் பெயர்களில் இரண்டு துண்டுகள் இருக்கும். முன்னால் வருவது சிறப்புக்கூறு: ஓர் ஆளின் பெயர், ஆறு, மரம், திசை, ஏதாவது ஒன்று. பின்னால் வருவது பொதுக்கூறு: வீடு, கோட்டை, ஓடை, துறை என்று இடத்தின் வகையைச் சொல்வது. டுசெல்டோர்ஃப் என்றால் டுசெல் ஓடைக்கரையில் இருக்கும் ‘டோர்ஃப்’, அதாவது கிராமம். இன்று அது ஒரு மாநிலத்தின் தலைநகர். பெயர் மட்டும் இன்னும் கிராமமாகவே இருக்கிறது.

பின்துண்டைப் புரிந்துகொள்ள இரண்டு சாவிகள் வேண்டும்.

முதல் சாவி இலக்கணம். பழைய ஜெர்மனில் மக்கள் ஊரைத் தனிப் பெயராகச் சொன்னதைவிட ‘இன்னாரிடத்தில்’, ‘இன்ன இடத்தில்’ என்று சொன்னதே அதிகம். அந்த வேற்றுமை உருபு அப்படியே பெயரோடு ஒட்டி உறைந்துவிட்டது. பல பெயர்கள் ‘-அன்’ என்று முடிவதன் ரகசியம் இதுதான். ‘ஹவுஸ்’ என்றால் வீடு. ‘-ஹவுசன்’ என்றால் ‘வீடுகளிடத்தில்’. மியூனிக்கின் ஜெர்மன் பெயரான ம்யூன்ஷனும் ‘துறவிகளிடத்தில்’ என்ற பொருளுடையதுதான். ஆல்டன்பர்க் என்பது ‘பழைய கோட்டையிடத்தில்’. நவும்பர்க் என்ற பெயரில் தேய்ந்து கிடப்பது ‘புதிய கோட்டையிடத்தில்’.

இரண்டாவது சாவி ஒலி. தெற்கு ஜெர்மன் பேச்சு ஏறக்குறைய 1,400 ஆண்டுகளுக்கு முன் ஒரு பெரிய ஒலிமாற்றத்துக்கு உள்ளானது. வடக்கே இருந்த தாழ்ஜெர்மன் அதில் கலந்துகொள்ளவில்லை. அதனால் ஒரே சொல் இரண்டு வடிவில் நிற்கிறது. தெற்கே ‘பாக்’ என்பதன் கடைசி ஒலி தொண்டையிலிருந்து காற்றாக வரும். வடக்கே அது ‘பெக்’ என்று அழுத்தமான ககரமாக நிற்கும். இரண்டுக்கும் ஓடை என்றே பொருள். ஒரே மாநிலத்துக்குள் ம்யூன்ஷன்கிளாட்பாக் என்று ஓர் ஊரும் கிளாட்பெக் என்று ஓர் ஊரும் இருப்பதற்கு இதுதான் காரணம். ‘டோர்ஃப்’ வடக்கே ‘டோர்ப்’ ஆகி, பிறகு எழுத்து இடம் மாறி ‘-ட்ரோப்’, ‘-ட்ருப்’ என்று ஆனது. போட்ரோப் என்ற ஊரில் ஒளிந்திருப்பது இந்தக் கிராமம்தான். இந்த ஒலி எல்லைகளில் பெயர்பெற்ற ஒன்றை மொழியியலாளர்கள் பென்ராட் கோடு என்கிறார்கள். அது ரைன் ஆற்றைக் கடக்கும் இடம் இன்றைய டுசெல்டோர்ஃபின் பகுதியான பென்ராட்.

இனி அடுக்கடுக்காகப் போகலாம்.

மிகப் பழைய அடுக்கு ஜெர்மனே அல்ல. ரைன், மோசல், டான்யூப் கரைகளில் ரோமர்களும் அவர்களுக்கு முன்பு கெல்ட்டுகளும் விட்டுச்சென்ற பெயர்கள். கொலோன் என்பது ‘கொலோனியா’, கி.பி. 50இல் ரோமக் குடியிருப்புத் தகுதி பெற்ற ஊர். கோப்லென்ஸ் ‘கான்ஃப்ளுவென்டெஸ்’, ஆறுகள் கூடும் இடம். மோசல் அங்கேதான் ரைனில் கலக்கிறது. இவற்றில் விகுதி என்று பிரித்தெடுக்க எதுவுமில்லை. பிரிக்க முடிவது இரண்டு. ஒன்று ‘-ஆக்’: ஆன்டர்னாக் ஒரு காலத்தில் ‘அந்துன்னாகும்’, க்ராய்ட்ஸ்னாக் ‘க்ருகினியாகும்’. ‘-ஆகும்’ என்பது கெல்ட்டிய விகுதி. இன்னாருக்கு உரியது என்று பொருள் தரும். மற்றது ‘-வைலர்’. லத்தீன் ‘வில்லாரே’, பண்ணையைச் சேர்ந்த குடியிருப்பு. ஆர்வைலர், எஷ்வைலர் இப்படி வந்தவை. அதே சொல் சுவிட்சர்லாந்தில் ‘-வில்’ என்று சுருங்கி நூற்றுக்கணக்கான ஊர்களில் நிற்கிறது.

அடுத்து வருவது ‘-இங்கன்’. ரோமர்கள் போன பிறகு அலமன்னியர், பவேரியர் போன்ற ஜெர்மானிய மக்கள் குடியேறிய காலத்தின் முத்திரை. ‘-இங்’ என்பது ஓர் ஆளைச் சேர்ந்தவர்களைக் குறிக்கும் விகுதி. மெரோவிங்கர், கரோலிங்கர் என்ற அரச குலப் பெயர்களில் இருப்பதும் அதுவே. ஜிக்மாரிங்கன் என்றால் ‘ஜிக்மாரின் ஆட்களிடத்தில்’. இங்கே நிலத்துக்குப் பெயர் கிடையாது, கூட்டத்துக்குத்தான் பெயர். ஊரின் பெயரே தலைவனைச் சேர்ந்தவர்கள் என்பதுதான். தென்மேற்கே ஷ்வாபியாவில் ‘-இங்கன்’ முழுதாக நிற்கிறது. பவேரியாவில் வால் தேய்ந்து ‘-இங்’ ஆனது: ஃப்ரைசிங், எர்டிங், ஷ்ட்ராவ்பிங். மியூனிக்கைச் சுற்றிப் பாருங்கள்: பாசிங், ஷ்வாபிங், ஸெண்ட்லிங், கீசிங். மியூனிக் பெயர் ஆவணத்தில் வருவது 1158இல். பாசிங்கும் ஷ்வாபிங்கும் 8ஆம் நூற்றாண்டு ஆவணங்களிலேயே இருக்கின்றன. இன்று அவை அந்த நகரத்தின் பகுதிகள். வயதில் நகரத்துக்கு அண்ணன்கள்.

சுவிட்சர்லாந்தில் இந்த விகுதி இன்னொன்றோடு சேர்ந்து அடையாளம் தெரியாமல் போய்விட்டது. ஜூரிக் ஏரிக்கரையில் ட்ஸோலிகோன், ஃபெஃபிகோன். உள்ளே டீடிகோன், வெட்ஸிகோன். ‘-இகோன்’ என்பது தனிச்சொல் அல்ல. ‘-இங்’ உடன் பண்ணை என்னும் ‘ஹோஃப்’ சேர்ந்து ‘-இங்ஹோஃபன்’ ஆகி, வேகமாகச் சொல்லிச் சொல்லி ‘-இகோன்’ ஆகிவிட்டது. ‘இன்னாரின் ஆட்களுடைய பண்ணைகளிடத்தில்’ என்ற ஒரு வாக்கியம் மூன்று எழுத்துக்குள் அடங்கிக் கிடக்கிறது.

‘-இங்கன்’ காலத்தை ஒட்டியதுதான் ‘-ஹைம்’. வீடு, இருப்பிடம் என்று பொருள்; இங்கிலாந்து ஊர்களின் ‘-ஹம்’ இதன் உடன்பிறப்பு. ஃப்ராங்குகள் என்ற ஜெர்மானிய மக்களின் ஆட்சியோடு இது ரைன் ஓரமாக நன்றாகப் பரவியது. மன்ஹைம் என்பது மன்னோ என்பவரின் ஹைம். 766இல் முதன்முதலாக எழுத்தில் வருகிறது. இந்த வாலும் தேயும். போகும் என்ற ஊரின் பழைய வடிவம் ‘புவோக்ஹைம்’. வடக்கே பல ‘-உம்’ முடிவுகள் இப்படி ஹைமின் எச்சம். ஆனால் ஹூசும் என்ற ஊரில் ‘-உம்’ வெறும் வேற்றுமை உருபு, ‘வீடுகளிடத்தில்’. வெளியே பார்த்தால் இரண்டும் ஒன்று போலத்தான் இருக்கும்.

‘-ஹவுசன்’, ‘-டோர்ஃப்’, ‘-ஹோஃபன்’ பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. வீடுகள், கிராமம், பண்ணைகள். நீண்ட காலம் புழக்கத்தில் இருந்ததால் இவற்றை வைத்து வயது கணிப்பது கடினம். ‘-ஷ்டாட்’ மட்டும் நின்று பார்க்க வேண்டியது. இன்று அதற்கு நகரம் என்று பொருள், அதனால் டார்ம்ஷ்டாட், ஹால்பர்ஷ்டாட், இங்கோல்ஷ்டாட் எல்லாம் பிறக்கும்போதே நகரங்கள் என்று தோன்றும். உண்மையில் அந்தச் சொல்லின் பழைய பொருள் வெறும் ‘இடம்’. நகரம் என்ற பொருள் அதற்கு 12ஆம் நூற்றாண்டு வாக்கில்தான் படிந்தது. ‘-ஷ்டெட்’, ‘-ஷ்டெட்டன்’ என்று முடியும் சிற்றூர்கள் அதே சொல்லின் பழைய பொருளை இன்னும் வைத்திருக்கின்றன. ஆனால் நோய்ஷ்டாட் என்று பார்த்தால் அது பெரும்பாலும் பின்னாளில் திட்டமிட்டு எழுப்பிய ‘புதுநகர்’தான்.

‘-பர்க்’, ‘-பெர்க்’ இரண்டையும் குழப்புவது தொடக்கக்காரர்களின் வழக்கமான தவறு. பர்க் கோட்டை, பெர்க் மலை. ஹாம்பர்க், மாக்டபர்க், வ்யூர்ட்ஸ்பர்க் ஒரு பக்கம். ஹைடல்பெர்க், நியூரன்பெர்க், பாம்பெர்க் மறு பக்கம். கோட்டைகளை மலைமேல் கட்டியதால் குழப்பத்துக்கு ஒரு நியாயமும் உண்டு. ரோம ஊரின் மேலும் இந்த வால் ஏறியிருக்கிறது: ‘அவுகுஸ்தா விந்தெலிகோரும்’ என்பதன் முதல் சொல் தேய்ந்து, பர்க் சேர்ந்து அவுக்ஸ்பர்க் ஆனது.

நீர் சார்ந்த வால்கள் எளியவை. ‘-ஃபர்ட்’ என்றால் ஆற்றை நடந்தே கடக்கும் ஆழமில்லாத துறை: 794இல் பெயர் பதிவான ஃபிராங்க்ஃபர்ட் என்பது ஃப்ராங்குகளின் துறை. பெயர் ஆற்றங்கரையின் ஓர் இடத்தைத்தான் குறிக்கிறது. அதனால்தான் மைன் கரையில் ஒன்றும் ஓடர் கரையில் ஒன்றுமாக இரண்டு ஃபிராங்க்ஃபர்ட்டுகள், ஆற்றின் பெயரைச் சேர்த்தே சொல்ல வேண்டியிருக்கிறது. ‘-ப்ரூக்’ பாலம்: ஓஸ்னாப்ரூக், இன்ஸ்ப்ருக். ‘-போர்ன்’, ‘-ப்ரோன்’ இரண்டும் ஊற்று: பாடர்போர்ன் நகருக்குள்ளேயே பாடர் ஆறு இருநூறுக்கும் மேற்பட்ட ஊற்றுகளிலிருந்து கிளம்புகிறது.

காட்டை அழித்த கதைதான் இந்தத் துறையிலேயே சுவையான பகுதி. மக்கள்தொகை பெருகிய நடுக்காலத்தில், குறிப்பாக 10 முதல் 13ஆம் நூற்றாண்டு வரை, மலைச்சரிவுக் காடுகளை வெட்டிப் புதிய கிராமங்கள் உண்டாயின. எப்படி அழித்தார்கள் என்பதைக்கூட வால் சொல்லிவிடும். மரத்தை வெட்டி வேரோடு கல்லி எடுப்பது ஒரு முறை. அந்த வினைச்சொல்லிலிருந்து வந்தவை நடு ஜெர்மனியின் ‘-ரோடெ’, ரைன் பக்கத்தின் ‘-ராட்’, பவேரிய, ஃப்ராங்கோனியப் பக்கத்தின் ‘-ராய்ட்’. வெர்னிகெரோடெ, ஓவெராட், பைராய்ட் மூன்றும் ஒரே சொல். பைராய்ட் என்றால் பவேரியர்கள் திருத்திய காடு. 1194இல் ‘பையர்ரூட்டெ’ என்று எழுதியிருக்கிறார்கள். மேலே சொன்ன பென்ராட்டும் இந்தக் குடும்பம்தான். இரண்டாவது முறைக்கு உழைப்பு குறைவு, பொறுமை அதிகம்: மரத்தின் அடியில் பட்டையைச் சுற்றிலும் உரித்துவிட்டால் உணவோட்டம் அறுந்து மரம் நின்ற நிலையிலேயே காய்ந்துவிடும், பிறகு இடையில் புல் முளைக்கும், மாடு மேயலாம். இதற்கு ‘ஷ்வெண்டன்’ என்று பெயர், ‘மறையச் செய்வது’. கறுப்புக்காட்டில் ஹோஷன்ஷ்வாண்ட், மென்ட்ஸன்ஷ்வாண்ட் என்ற மலையூர்கள் அந்த நினைவு. மூன்றாவது முறை தீ. ‘ப்ராண்ட்’ என்ற பெயரில் பல சிற்றூர்கள் உண்டு. இந்த வால்கள் இருக்கும் ஊர் சமவெளியின் நல்ல மண்ணில் அரிதாகத்தான் இருக்கும். நல்ல மண்ணை ‘-இங்கன்’காரர்களும் ‘-ஹைம்’காரர்களும் முன்பே எடுத்துக்கொண்டார்கள், பின்னால் வந்தவர்களுக்கு மலையும் காடும்.

எல்பெ, ஸாலெ ஆறுகளுக்குக் கிழக்கே கதை வேறு. அங்கே 12ஆம் நூற்றாண்டில் ஜெர்மன் குடியேற்றம் பெருகும் வரை ஸ்லாவிய மக்களின் நிலம். அவர்களின் பெயர்களை வந்தவர்கள் மாற்றவில்லை, தங்கள் வாய்க்கு ஏற்றபடி வளைத்துக்கொண்டார்கள். ‘-இட்ஸ்’, ‘-ஈன்’, ‘-ஓ’ மூன்றும் முக்கியமான அடையாளங்கள். கெம்னிட்ஸ் ‘காமெனிட்ஸா’, கல் நிறைந்த ஓடை. ட்ரெஸ்டன் சதுப்புக்காட்டில் வசிப்பவர்கள். ரோஸ்டோக் என்பது நீர் பிரிந்து விரியும் இடம். ‘-ஓ’ முடிவை எழுதும்போது கடைசியில் ஒரு வகர எழுத்து இருக்கும். அதை உச்சரிக்கக் கூடாது. பாங்கோ என்பதைப் ‘பாங்கோவ்’ என்றால் பெர்லின்காரர் சிரிப்பார். ‘-ஈன்’ முடிவில் அழுத்தம் கடைசி அசையில் விழும்: பெர்லீன், ஷ்வெரீன். ஜெர்மன் சொற்களில் அழுத்தம் பொதுவாக முதலில் விழுவதால், காதிலேயே அந்நிய வேர் தெரிந்துவிடும்.

ஸ்லாவிய மக்களில் ஸோர்பியர்கள் இன்றும் கிழக்கு ஜெர்மனியின் லவுசிட்ஸ் பகுதியில் வாழ்கிறார்கள். அங்கே ஊர்ப் பலகைகள் இரு மொழியில்: பவுட்ஸன் என்றால் கீழே புடிஷின். பழைய வடிவத்தைத் தேடிக் காப்பகம் போக வேண்டாத பகுதி இது. பலகையிலேயே எழுதி வைத்திருக்கிறார்கள்.

வடகடலோரத்தில் வால்கள் நீரோடு நடந்த சண்டையைச் சொல்கின்றன. ‘-கோக்’ என்றால் கரை கட்டிக் கடலிடமிருந்து பிடுங்கிய நிலம்: ஃப்ரீட்ரிக்ஸ்கோக். ‘-ஸீல்’ என்பது அந்தக் கரையில் வைத்த மதகு. கடல் ஏறும்போது நீரின் அழுத்தமே கதவைச் சாத்தும். இறங்கும்போது உள்ளே தேங்கிய நீர் கதவைத் தள்ளிக்கொண்டு வெளியேறும். அந்த மதகடியில் படகுத்துறை அமைந்து ஊராகும்: க்ரேட்ஸீல். ‘-ஃபேன்’ என்றால் கரிச்சேற்று நிலத்தில் கால்வாய் வெட்டி உண்டாக்கிய குடியிருப்பு. கிழக்கு ஃப்ரீஸியாவின் க்ரோஸஃபேன் 1633இல் தொடங்கியது. டென்மார்க் எல்லை நெருங்கினால் ‘-பி’, ‘-ருப்’, ‘-ப்யுல்’ என்று டேனிய, ஃப்ரீஸிய வால்கள்.

கடைசி அடுக்கு அரசர்களின் ஆசை. கார்ல்ஸ்ரூஎ ‘கார்லின் ஓய்வு’, 1715. லுட்விக்ஸ்லுஸ்ட் ‘லுட்விக்கின் இன்பம்’. இவற்றுக்கு ஆய்வு வேண்டாம். பெயர் வைத்தவரின் பெயர் முதலிலேயே இருக்கிறது.

இப்போது ஏமாற்றும் பெயர்களுக்கு வருவோம். ‘-லேபன்’ நல்ல பாடம். லூதர் 1483இல் பிறந்து 1546இல் இறந்த ஊர் ஐஸ்லேபன். இன்றைய ஜெர்மனில் ‘ஐஸ்’ பனிக்கட்டி, ‘லேபன்’ வாழ்க்கை. பனிக்கட்டி வாழ்க்கை என்று ஒருவர் ஊருக்குப் பெயர் வைப்பாரா? இந்த வாலின் மூலம் ‘லைபா’, விட்டுச்சென்றது, மரபுரிமைச் சொத்து. ஓர் ஆளின் பெயர் முன்னால், அவர் வழிவந்த நிலம் பின்னால். துரிங்கியாவிலிருந்து மாக்டபர்க் வரை குவிந்து கிடக்கும் இந்த வால், டென்மார்க்கில் ‘-லெவ்’, தென் ஸ்வீடனில் ‘-லோவ்’ என்று தொடர்கிறது. அப்படியே ‘-ப்யூட்டல்’: ஜெர்மனில் ‘ப்யூட்டல்’ என்றால் பழைய காலச் சேவகன். வொல்ஃபன்ப்யூட்டலுக்கும் சேவகனுக்கும் ஒட்டுமில்லை, உறவுமில்லை; இது குடியிருப்பைக் குறித்த பழைய ஸாக்ஸன் சொல்.

பாஸாவ் இன்னொரு பொறி. ‘-ஆவ்’ என்றால் நீரோரப் புல்வெளி, லிண்டாவ் போல. மூன்று ஆறுகள் கூடும் பாஸாவுக்கு அது பொருந்துவதாகவே தோன்றும். ஆனால் அது படாவியர் என்ற ஜெர்மானிய இனத்தவரின் படைப்பிரிவு தங்கியிருந்த ரோம முகாமின் பெயர். ‘படாவிஸ்’ தேய்ந்து பாஸாவ். கிழக்கே போனால் அதே ‘-ஆவ்’ ஸ்லாவிய ‘-ஓவ்’ விகுதியின் வேடம். டோர்காவ் என்பதில் ‘காவ்’ என்ற ஜெர்மன் சொல், அதாவது வட்டாரம், இருப்பதாகப் பிரிப்பார்கள். உள்ளே இருப்பது ‘டோர்க்’, ஸ்லாவியச் சந்தை. ல்யூபெக்கில் ஓடை இல்லை: ‘லியுபிட்ஸெ’, அழகானது என்ற ஸ்லாவியப் பெயர் வடக்கத்திய ‘-பெக்’ மாதிரி ஒலித்ததால் அப்படியே எழுதிவிட்டார்கள். பெர்லினில் கரடியும் இல்லை. 1280ஆம் ஆண்டு முத்திரையிலேயே கரடி வந்துவிட்டது என்பது உண்மை, ஆனால் அது பெயரின் ஒலியை வைத்து வரைந்த படம். வேர் சதுப்பு நிலத்தைக் குறிக்கும் ஸ்லாவியச் சொல். ஸோன்ட்ஹைம் என்ற ஊரைச் சூரியனோடு முடிச்சுப் போடுவார்கள். அது ‘தெற்கு ஹைம்’.

ஓபர்ஹவுசன் வேறு வகைப் பொறி. வாலைப் பார்த்து நடுக்காலக் கிராமம் என்பீர்கள். 1847இல் வெட்டவெளியில் ஒரு ரயில் நிலையம் கட்டி, பக்கத்திலிருந்த மாளிகையின் பெயரை அதற்கு வைத்தார்கள். அந்த நிலையத்தைச் சுற்றி எழுந்த தொழில்நகரம் அது.

ஆகவே ஒரு பெயரை எடுத்தால் செய்ய வேண்டியது இது. முதலில் அதன் மிகப் பழைய எழுத்து வடிவத்தைத் தேடுங்கள். ஊராட்சிப் பக்கங்களிலும் மாநில வரலாற்று ஊரகராதிகளிலும் அது கிடைக்கும். மேற்கு ஜெர்மனியின் பல ஊர்களுக்கு அது லோர்ஷ் மடத்தின் கொடைப் பதிவேட்டில் போய் நிற்கும். 12ஆம் நூற்றாண்டில் தொகுத்த பதிவேடு, உள்ளே இருப்பவை 8ஆம் நூற்றாண்டு முதலான கொடைகள். அங்கே கிடைக்கும் ஆண்டு ஊர் பிறந்த ஆண்டு அல்ல, யாரோ ஒருவர் அங்கே நிலம் தானம் கொடுத்த ஆண்டு. ஊர்கள் கொண்டாடும் 1,250ஆம் ஆண்டு விழாக்கள் பலவும் ஒரு தோல் ஆவணத்தின் பிறந்தநாள்தான்.

பிறகு நடுவில் இருக்கும் எழுத்துகளைப் பாருங்கள். வைன்ஹைம் என்ற ஊர் திராட்சைத் தோட்டங்களுக்கு நடுவே இருக்கிறது, ‘வைன்’ என்றால் ஒயின். கேட்பதற்குப் பொருத்தம். பழைய வடிவமோ ‘வினன்ஹைம்’. நடுவில் வரும் அந்த ‘-அன்-’ ஆள் பெயரில் வரும் உடைமை உருபு: வினோ என்பவருடைய ஹைம். ஒயினிலிருந்து வந்திருந்தால் அந்த அசை நடுவில் வந்திருக்காது.

அடுத்து பக்கத்து ஊர்களைப் பாருங்கள். சுற்றிலும் பத்து ‘-இட்ஸ்’ இருக்க நடுவில் ஒரு ‘-ஆவ்’ இருந்தால் புல்வெளியை நம்பாதீர்கள். உள்ளூர் முதியவர்கள் பேச்சுவழக்கில் அந்தப் பெயரை எப்படிச் சொல்கிறார்கள் என்று கேளுங்கள். எழுத்தர் திருத்தி எழுதியதைப் பேச்சு பல நேரம் திருத்தாமல் வைத்திருக்கும். கடைசியாக நிலத்தைப் பாருங்கள். ‘-பாக்’ என்றால் ஓடை இருக்க வேண்டும், அல்லது அது ஓடிய தடமாவது. இல்லையென்றால் மறுபடி முதல் படிக்குப் போங்கள்.